சங்கரன்கோவில் சக்கரமும் விரல்தட்டும் சிகிச்சையும்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள சக்கரத்தில் மனநலம் குன்றியோரை உட்காரவைத்து வேண்டுவதும், புற்றுமண் பூசுவதும் நெடுநாள் வழக்கம். இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கலாமா? 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், வேறொரு தமிழகக் கோயிலில் தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் காரணம் உறுதியாகவில்லை.

அக்குப்பிரஷர் புள்ளிகளை விரலால் தட்டும் சிகிச்சைக்கு 2003இல் அந்த ஒப்பீடு நடந்தது: புள்ளியல்லாத இடத்தைத் தட்டியவர்களுக்கும், பொம்மையைத் தட்டியவர்களுக்கும்கூட அச்சம் அதே அளவு தணிந்தது. ஆகவே ஆற்றுவது இடமல்ல, அமர்வும் அரவணைப்புமே என்று கருத இடமுண்டு. பலன் கிடைத்தால் போதாதா என்பர். போதாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று வழிபாட்டால் குணம் தேடி வந்தோர் தங்கியிருந்த ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியிட்டு வைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். வழிபாடு துணை நிற்கட்டும். மருத்துவத்தை அது தள்ளிப்போடக் கூடாது.