நிணநீர் வீக்கம் (மார்பகப் புற்றுநோய்)

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிந்தைய நிணநீர் வீக்கம் (லிம்ஃபெடீமா) என்பது, அக்குளில் உள்ள நிணநீர்க்கணுக்கள் அறுவைச் சிகிச்சையில் அகற்றப்படுவதாலோ கதிர்வீச்சினால் பாதிக்கப்படுவதாலோ நிணநீர் வடிய வழியின்றித் தேங்கி, அப்பக்கத்துக் கை, மார்புச்சுவர் அல்லது மார்பகம் வீங்கும் நிலையாகும். இது புற்றுநோய் அன்று. அந்நோய்க்கான சிகிச்சையின் பின்விளைவு ஆகும். சிகிச்சை முடிந்த சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ இது தோன்றலாம். முற்றிய நிலையை முழுமையாகக் குணப்படுத்த இயலாது. எனினும் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம்.

மார்பகப் புற்றுநோய் அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் இவ்வீக்கத்திற்கு முக்கிய இடம் உண்டு. எவ்வளவு திசுவை அகற்றினால் போதும் என்ற கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்கள் ஆராய்ந்து வந்துள்ளனர். அக்குளைப் பொறுத்தவரை, நோயாளியின் உயிருக்கு ஊறு நேராமல் அவருடைய கையைக் காப்பது எப்படி என்பதே அவ்வாராய்ச்சியின் மையம் ஆகும்.

உருவாகும் விதம்

உடலின் திசுக்களில் கசியும் நீர்மத்தின் ஒரு பகுதி, புரதங்களுடன் சேர்ந்து நிணநீர்க் குழாய்கள் வழியாக மீண்டும் குருதியை அடைகிறது. கையின் நிணநீர்க் குழாய்களும் மார்பகத்தின் பெரும்பாலான நிணநீர்க் குழாய்களும் அக்குளில் உள்ள கணுக்களிலேயே வந்து சேர்கின்றன. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடங்களுள் அக்குள் ஒன்றாக இருப்பதற்கும், அங்கு செய்யும் சிகிச்சை கையைப் பாதிப்பதற்கும் இந்த அமைப்பே காரணம்.

கணுக்கள் அகற்றப்பட்டபின் எஞ்சிய குழாய்கள் மாற்று வழிகளில் நிணநீரைக் கொண்டுசெல்ல முயல்கின்றன. அவை போதாதபோது புரதம் மிகுந்த நீர்மம் திசுக்களில் தேங்குகிறது. அது நீடித்த அழற்சியை உண்டாக்குகிறது. நாளடைவில் நார்த்திசுவும் கொழுப்பும் படிந்து வீக்கம் கெட்டியாகிறது. இக்கட்டத்தில் வீக்கத்தின் பெரும்பகுதி நீராக இராது. ஆகவே கையை உயர்த்தி வைப்பதால் மட்டும் அது வடியாது.

ஆபத்தைக் கூட்டும் காரணிகள்

* அக்குள் கணுக்களைப் பெருமளவில் அகற்றுதல்
* அக்குளுக்கும் காறையெலும்பை ஒட்டிய பகுதிக்கும் கதிர்வீச்சு அளித்தல்
* உடற்பருமன்
* சிகிச்சை பெற்ற பக்கத்தில் ஏற்படும் தோல் தொற்று

2013 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டோரில் 19.9% பேருக்கும், காவல் நிணநீர்க்கணு மட்டும் எடுக்கப்பட்டோரில் 5.6% பேருக்கும் கை வீக்கம் ஏற்பட்டது.

அறுவை மருத்துவத்தின் வரலாறு

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தையும் மார்புத் தசையையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றும் முறையை 50 நோயாளிகளிடம் செய்து 1894 இல் அதன் விளைவுகளை வெளியிட்டார். புற்றுநோய் ஒழுங்கான முறையில் மார்பகத்திலிருந்து கணுக்களுக்கும், அங்கிருந்து பிற உறுப்புகளுக்கும் பரவுகிறது என்ற கருத்து இம்முறைக்கு அடிப்படையாக இருந்தது. அதன்படி, கூடுதலாக அகற்றினால் கூடுதலானோர் பிழைக்க வேண்டும். கை வீக்கம் இம்முறையின் பரவலான விளைவாயிற்று. ஹால்ஸ்டெட்டே 1921 இல் இதைப் பற்றி எழுதி, யானைக்கால் நோயை ஒத்த பெயரொன்றை இதற்குச் சூட்டினார்.

1948 இல் இலண்டனில் டேவிட் பேட்டி, பெரிய மார்புத் தசையை விட்டுவைக்கும் மாற்று முறையை விவரித்தார். எனினும் அடிப்படைக் கருத்தை நேரடியாகச் சோதித்தது, பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1971 இல் தொடங்கிய பி-04 ஆய்வு ஆகும். கணுக்களில் நோய் இருப்பதாகக் கையால் உணர முடியாத நோயாளிகள் இதில் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஹால்ஸ்டெட் முறையும், இன்னொரு பிரிவினருக்கு மார்பக அகற்றத்துடன் கதிர்வீச்சும், மூன்றாம் பிரிவினருக்கு மார்பக அகற்றம் மட்டும் செய்யப்பட்டன. 2002 இல் வெளியான 25 ஆண்டு முடிவுகளில், பிழைத்திருப்போர் விகிதத்தில் இம்மூன்று பிரிவுகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவ்வாய்வில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. கணுக்கள் அகற்றப்பட்ட பிரிவில் ஏறத்தாழ 40% பேருக்கு அவற்றில் நோய் இருந்தது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதால், அகற்றப்படாத பிரிவிலும் ஏறத்தாழ அதே அளவினருக்கு நோய் இருந்திருக்க வேண்டும். ஆனால் மார்பக அகற்றம் மட்டும் செய்யப்பட்ட பிரிவில் பின்னாளில் அக்குளில் நோய் தோன்றி அறுவை தேவைப்பட்டோர் 18.6% பேரே. அக்குளில் எஞ்சும் நோய் எல்லாருக்கும் வெளிப்படுவதில்லை என்பதை இது காட்டியது.

காவல் நிணநீர்க்கணு ஆய்வு

அக்குளை அகற்றுவதால் உயிர் பிழைப்பு கூடாவிட்டாலும், கணுக்களில் நோய் உள்ளதா என்று அறிவது அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கத் தேவைப்பட்டது. கணுக்கள் அனைத்தையும் எடுக்காமல் அதை அறியும் வழியே காவல் நிணநீர்க்கணு ஆய்வு. கட்டியிலிருந்து வரும் நிணநீரை முதலில் பெறும் கணு காவற்கணு எனப்படும். அதில் நோய் இல்லையெனில் மற்றவற்றிலும் பெரும்பாலும் இராது.

1993 இல் டேவிட் கிராக் கதிரியக்கப் பொருளைக் கொண்டும், 1994 இல் ஆர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தைக் கொண்டும் மார்பகப் புற்றுநோயில் காவற்கணுவைக் கண்டறியும் முறைகளை வெளியிட்டனர். பிரித்தானியாவில் நடந்த அல்மனாக் ஆய்வின் முடிவுகள் 2006 இல் வெளிவந்தன. சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் வழக்கமான அக்குள் சிகிச்சை பெற்றோரில் 13% பேருக்கும், காவற்கணு முறையில் 5% பேருக்கும் வீக்கம் இருந்தது. உணர்விழப்பு முறையே 31%, 11% என இருந்தது.

நோயுள்ள கணுவை விட்டுவைத்தல்

காவற்கணுவில் நோய் காணப்பட்டால் மற்ற கணுக்களை அகற்றுவதே நெடுங்காலம் விதியாக இருந்தது. இசட்0011 என்னும் ஆய்வு இதைச் சோதித்தது. ஒன்று அல்லது இரண்டு காவற்கணுக்களில் நோய் இருந்து, மார்பகத்தைக் காக்கும் அறுவையும் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சும் பெற்றோரே இதில் பங்கேற்றனர். 2017 இல் வெளியான முடிவுகளின்படி, பத்தாண்டுகளுக்குப் பின் பிழைத்திருந்தோர் கணுக்கள் விட்டுவைக்கப்பட்ட பிரிவில் 86.3%, அகற்றப்பட்ட பிரிவில் 83.6% ஆவர். திட்டமிட்ட 1,900 பேருக்குப் பதிலாக 891 பேரே சேர்க்கப்பட்டனர் என்பது இவ்வாய்வின் மீதான முக்கிய விமர்சனம் ஆகும்.

ஐரோப்பாவின் அமரோசு ஆய்வு (2014), அகற்றத்திற்குப் பதிலாக அக்குளுக்குக் கதிர்வீச்சு அளித்துப் பார்த்தது. ஐந்தாண்டுகளில் கை வீக்கத்தின் அறிகுறிகள் அகற்றப்பட்டோரில் 23% பேருக்கும் கதிர்வீச்சுப் பெற்றோரில் 11% பேருக்கும் காணப்பட்டன. அக்குளில் நோய் மீண்டது இரு பிரிவிலும் மிக அரிது. 2024 இல் வெளியான செனோமாக் ஆய்வில் மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டோரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அதன் முடிவும் கணுக்களை விட்டுவைப்பதை ஆதரித்தது. சிறிய கட்டியுள்ள, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் காவற்கணுவையும் எடுக்காமல் விடலாம் என்பதைச் சவுண்டு (2023), இன்செமா (2024) ஆகிய ஆய்வுகள் காட்டின.

இம்முடிவுகள் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தா. பல கணுக்களில் வெளிப்படையாக நோய் உள்ளோருக்கு அக்குள் அகற்றம் இன்றும் தேவைப்படுவதுண்டு. நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் மிகுந்த நாடுகளில் இத்தகையோர் தொகை கூடுதலாக இருக்கும்.

அறிகுறிகளும் படிநிலைகளும்

கை கனத்தல், இறுக்கம், மோதிரமோ வளையலோ இரவிக்கைக் கையோ முன்பைவிடப் பிடித்தல் ஆகியன தொடக்க அறிகுறிகள். வெளியே வீக்கம் தெரியுமுன்பே இவை தோன்றலாம். பன்னாட்டு நிணநீரியல் கழகம் இந்நிலையை நான்காகப் பிரிக்கிறது.

* நிலை 0: நிணநீர் ஓட்டம் குறைந்துள்ளது, வீக்கம் தெரியாது.
* நிலை 1: வீக்கம் தெரியும், கையை உயர்த்தினால் குறையும்.
* நிலை 2: உயர்த்தினாலும் குறையாது, திசு கெட்டியாகத் தொடங்கும்.
* நிலை 3: தோல் தடித்து, மடிப்புகளும் மருப்போன்ற வளர்ச்சிகளும் தோன்றும்.

இரு கைகளின் சுற்றளவையும் குறித்த இடங்களில் நாடாவால் அளந்து ஒப்பிடுவதே எளிய முறை. ஒரே கையில் காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தை அறிய, அறுவைக்கு முன்பே அளவெடுத்து வைப்பது பயன்தரும். திசுக்களின் மின்தடையை அளந்து நீர்மத் தேக்கத்தை முன்கூட்டியே அறியும் கருவிகளும் உள்ளன. இக்கருவியால் கண்காணித்து, மாற்றம் தெரிந்தவுடன் அழுத்த உறை அணிவித்த ஆய்வொன்றில் (2022), நீடித்த வீக்கத்திற்கு முன்னேறியோர் 7.9% பேர், நாடாவால் அளந்த பிரிவில் இது 19.2%.

திடீரென வீக்கம் தோன்றினாலோ கடும் வலி இருந்தாலோ, சிரையில் குருதி உறைவும் புற்றுநோய் மீண்டிருப்பதும் முதலில் விலக்கப்பட வேண்டும்.

சிகிச்சை

முழுமையான வடிப்புச் சிகிச்சை எனப்படும் கூட்டுமுறையே அடிப்படைச் சிகிச்சை ஆகும். பல அடுக்குக் கட்டுத்துணிகளால் கையை அழுத்திக் கட்டுதல், நிணநீரை மாற்று வழிகளில் செலுத்தும் மென்மையான கைத்தடவல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகிய நான்கும் இதில் அடங்கும். வீக்கம் குறைந்தபின், குறைந்த அளவைத் தக்கவைக்க அழுத்த உறை தொடர்ந்து அணியப்படுகிறது.

சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் இதற்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அவை தேங்கிய புரதத்தை அகற்றுவதில்லை. ஒருகாலத்தில் பயன்பட்ட கூமரின் என்னும் மருந்து, 1999 இல் 140 பெண்களிடம் நடந்த ஆய்வில் பயன் தரவில்லை. சிலருக்குக் கல்லீரலையும் பாதித்தது.

நுண்ணோக்கியின் உதவியுடன் நிணநீர்க் குழாய்களைச் சிறு சிரைகளுடன் இணைத்தல், உடலின் வேறிடத்திலிருந்து நிணநீர்க்கணுக்களை எடுத்துப் பொருத்துதல் ஆகிய அறுவை முறைகள் தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்யப்படுகின்றன. கொழுப்பு படிந்து கெட்டியான கைக்கு, சுவீடனின் ஹாக்கன் புரோர்சன் கொழுப்பு உறிஞ்சும் முறையை வளர்த்தெடுத்தார். இதற்குப் பின்னும் வாழ்நாள் முழுவதும் அழுத்த உறை அணிய வேண்டும்.

உடற்பயிற்சி பற்றிய கருத்து மாற்றம்

சிகிச்சை பெற்ற கையால் எடை தூக்கக் கூடாது என்று நோயாளிகளுக்கு நெடுங்காலம் அறிவுறுத்தப்பட்டது. குழந்தையைத் தூக்கவும் குடத்தை எடுக்கவும் பலர் அஞ்சினர். இவ்வறிவுரைக்கு உறுதியான சான்று இருக்கவில்லை. கேத்ரின் ஷ்மிட்சு குழுவினர் வீக்கமுள்ள 141 பெண்களிடம், மேற்பார்வையுடன் படிப்படியாக எடைதூக்கும் பயிற்சியை ஆராய்ந்து 2009 இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சியால் வீக்கம் கூடவில்லை. நிலை மோசமடைந்து சிகிச்சை தேவைப்பட்டோர் பயிற்சி பெற்றோரில் 14%, பெறாதோரில் 29% ஆவர். குறைந்த எடையில் தொடங்கி மெல்லக் கூட்டுவதே இம்முறையின் அடிப்படை.

இதேபோல், 2016 இல் வெளியான ஓர் ஆய்வு 632 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தது. அப்பக்கத்துக் கையில் குருதி எடுத்தல், ஊசி போடுதல், குருதியழுத்தம் அளத்தல், வானூர்திப் பயணம் ஆகியவற்றுக்கும் கையின் பருமன் கூடுவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. தோல் தொற்றுக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பு இருந்தது.

தொற்றும் பிற சிக்கல்களும்

நிணநீர் தேங்கிய கையில் கிருமித் தொற்று எளிதில் பரவும். கை சிவந்து சூடாகி வலித்தாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்; நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து காலந்தாழ்த்தாமல் தேவைப்படும். ஒவ்வொரு தொற்றும் எஞ்சிய நிணநீர்க் குழாய்களை மேலும் சிதைக்கக் கூடும். ஆகவே தோலை வறளவிடாமல் காத்தல், சமையலிலும் தோட்டவேலையிலும் வெட்டுக்காயம், சூட்டுக்காயம் படாமல் பார்த்தல், நகச்சுற்றைக் கவனித்தல் ஆகியன முக்கியமானவை. பல ஆண்டுகள் நீடித்த வீக்கத்தில் மிக அரிதாகக் குழாய்ச்சுவர்ப் புற்று தோன்றலாம்; 1948 இல் விவரித்த இருவரின் பெயரால் இது ஸ்டூவர்ட்–டிரீவ்ஸ் நோய்க்குறி எனப்படுகிறது.

அக்குள் அறுவைக்குப் பின் நீர்மம் சேர்தல், மேற்கையின் உட்புற மரமரப்பு, தோள் இறுக்கம், அக்குளிலிருந்து கைக்கு நரம்பிழைபோல் இழுக்கும் பட்டைகள் ஆகியனவும் ஏற்படலாம். இவற்றுள் பல இயன்முறைப் பயிற்சியாலும் காலப்போக்கிலும் குறைகின்றன.

யானைக்கால் நோயுடன் ஒப்பீடு

இரண்டிலும் நிணநீர்த் தேக்கமே வீக்கத்திற்குக் காரணம். ஆனால் யானைக்கால் நோய் கொசுவால் பரவும் புழுக்களால் உண்டாவது; சிகிச்சைக்குப் பிந்தைய வீக்கம் எவருக்கும் தொற்றாது. கையைத் தூய்மையாக வைத்தலும் தொற்றைத் தடுத்தலும் இரண்டுக்கும் பொதுவான பராமரிப்பு முறைகள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மார்பகப் புற்றுநோய்
* நிணநீர்த் தொகுதி
* கதிர்வீச்சுச் சிகிச்சை
* யானைக்கால் நோய்