தீக்காய வார்டில் கைமாறிய வித்தை



தீக்காய வார்டுக்குள் அம்மாவைப் பார்க்க விடவில்லை என்று பழைய மாணவன் ஒருவன் போனில் அழுதான். அவனுக்காக இது.

தோல் என்ற வேலி கருகிவிட்டால் கிருமிக்குத் திறந்த வீடுதான். சூடோமோனாஸ் என்ற கிருமியை அடக்க 1960களின் பிற்பகுதியில் கார்பெனிசிலின் மருந்து வந்தது. நிம்மதி நீடிக்கவில்லை. 1969இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையில், தீக்காயப் பிரிவு நோயாளிகளிடம் அம்மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிளம்பியது. கண்டறிந்தவர் எட்வர்ட் லோபரி குழுவினர். (அவர் கவிஞரும்கூட, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.)

வேறு இனக் கிருமிகள், பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக அந்த வித்தையைக் கைமாற்றியிருந்தன. பரீட்சையில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுவீர்களே, அதுபோல!

தம்பி, நம் கையோடு போகும் சாதாரணக் கிருமியும் அங்கே வாத்தியாராகிவிடலாம். கண்ணாடி வழியாகவே அம்மாவுக்குக் கையசைத்துவிட்டு வா.