எழுத்துக்கு உரியதா, இடத்துக்கு உரியதா? தமிழ் விசைப்பலகையில் நின்றுபோகும் குறுக்குவிசைகளின் வரலாறு

நிரல் எழுதும் எடிட்டரில் தமிழில் ஒரு குறிப்புரையைத் தட்டச்சு செய்து, அதை நகலெடுக்கக் கண்ட்ரோலையும் சி விசையையும் அழுத்தும்போது ஒன்றும் நிகழாமல் போவதுண்டு. விசைப்பலகை பழுது என்று சிலர் எண்ணுவர்; எடிட்டரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவோரும் உளர். பெரும்பாலும் இரண்டிலும் குறை இராது. குறுக்குவிசை என்பது எழுத்துக்கு உரியதா, விசை அமைந்த இடத்துக்கு உரியதா என்ற கேள்விக்குக் கணினி வரலாறு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடை தந்திருக்கிறது. அவ்விடைகள் எல்லாம் இன்று ஒரே கணினியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

முதல் விடை எழுத்தின் பக்கம் நின்றது. 1963இல் வெளியான ஆஸ்கி குறிமுறையில் பெரிய சி எழுத்தின் எண் 67. கண்ட்ரோல் விசை அதிலிருந்து 64ஐக் கழித்து 3 என்னும் கட்டுப்பாட்டுக் குறியை அனுப்பும். இக்கணக்கு இலத்தீன் எழுத்துகளுக்காக வகுக்கப்பட்டது. யூனிக்கோடில் 2962 என்னும் எண் பெற்ற ‘ஒ’வுக்கு அதில் இடமில்லை.

இரண்டாம் விடை இடத்தையும் சேர்த்துக்கொண்டது. வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்னும் எழுத்துத் தொகுப்பியில் உருவாக்கினர். 1983இல் வந்த ஆப்பிள் லிசா கணினி அச்செயல்களுக்கு எக்ஸ், சி, வி விசைகளை அமர்த்தியது. சி என்பது ‘காப்பி’யின் முதலெழுத்து, வி அதற்குப் பக்கத்தில் இருப்பது. ஒன்றுக்கு எழுத்து காரணம், மற்றொன்றுக்கு அண்மை காரணம். ஆங்கில விசைப்பலகையில் எழுத்தும் இடமும் பிரிவதில்லை. ஆகவே இவ்வேறுபாட்டை எவரும் தீர்த்துவைக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழில் அவை பிரிகின்றன. அதுவும் இரு வகையாக. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பை 1986இல் மத்திய மின்னணுவியல் துறை வகுத்தது. ஓர் ஒலிக்குரிய எழுத்து எல்லா மொழிகளிலும் ஒரே விசையில் அமையும் என்பது அதன் அடிப்படை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 அமைப்பை ஏற்றது. அது தமிழின் எழுத்து வருகையை முதன்மையாகக் கருதியது. இன்ஸ்கிரிப்டில் ‘க’ கே விசையில். தமிழ்99இல் எச் விசையில். சி விசை முன்னதில் ‘ம’, பின்னதில் ‘ஒ’. வி விசை முன்னதில் ‘ந’, பின்னதில் ‘வ’. எல் விசையில் மட்டும் இரண்டிலும் ‘த’ அமர்ந்திருக்கிறது.

இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் சந்திக்கும் நிலம் நெய்யாற்றின்கரை வட்டம். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெருங்கடவிளையும் பாறசாலையும் எல்லையின் இப்புறம், களியக்காவிளை அப்புறம். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளான லினக்ஸும், மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்டும் கற்பிக்கப்படுகின்றன. தமிழகத்தில் அரசு ஏற்ற அமைப்பு தமிழ்99. பெருங்கடவிளையில் மலையாள இன்ஸ்கிரிப்ட் பழகிய விரலுக்குத் தமிழ் இன்ஸ்கிரிப்ட் புதிதன்று. ‘க’வும் ‘ത’வுக்கு இணையான ‘த’வும் அதே இடங்களில் கிடைக்கும். எல்லை கடந்து களியக்காவிளைக்குப் போனால் அதே தமிழுக்கு விரல்கள் வேறு பாதை பழக வேண்டும்.

லினக்ஸில் ஒரு விசையை அழுத்தும்போது இரு செய்திகள் புறப்படுகின்றன: விசை இருக்கும் இடத்தின் எண், அவ்விடத்துக்கு இப்போது உரிய எழுத்து. சி விசையின் இட எண் எக்ஸ்11 முறையில் வழக்கமாக 54. எந்த மொழிக்கு மாறினாலும் அது மாறாது. எழுத்துதான் மாறும். தமிழ் விசைப்பலகையை இயங்குதளத்தின் அமைப்பாகவே சேர்த்திருந்தால், எழுத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு ‘கண்ட்ரோல்-ஒ’ என்ற பொருளற்ற கட்டளையே போய்ச் சேரும். ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்திருந்தால், பின்னணியில் ஆங்கில அமைப்பு இருந்துகொண்டு, எழுத்து மட்டும் பிறகு தமிழாக்கப்படும். கண்ட்ரோல் பெரும்பாலும் தடையின்றிச் செல்லும். ஒரே தமிழ்99 ஒரு கணினியில் சிக்கல் தந்து இன்னொன்றில் தராமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஆகவே பிழை தேடும் வரிசையும் இந்த அடுக்குகளின் வரிசையே. முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி அதே குறுக்குவிசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது இயங்கினால் சிக்கல் எழுத்துக்கும் இடத்துக்கும் இடையிலானது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் மட்டும் இருந்தால் ஆங்கில அமைப்பையும் சேர்க்க வேண்டும். பல நிரல்கள் இலத்தீன் எழுத்து கிடைக்காதபோது பட்டியலின் மற்ற அமைப்புகளில் தேடும்.

ஆங்கிலத்திலும் இயங்காவிட்டால், வேறொரு நிரல் அக்குறுக்குவிசையை இடைமறிக்கிறது என்று கொள்ளலாம். ஐபஸ் சில பதிப்புகளில் கண்ட்ரோலையும் முற்றுப்புள்ளியையும் எமோஜிக்காக எடுத்துக்கொள்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் அதுவே விரைவுத் திருத்தத்துக்குரிய விசை. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் மொழி மாற்ற ஆல்ட் விசையுடன் ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறது. எடிட்டரில் அதே கூட்டு தாவல்களுக்கிடையே செல்ல உதவுவது. இரண்டில் ஒன்றை மாற்றியமைப்பதே வழி.

மூன்றாவதாக எடிட்டரையே வினவலாம். விஷுவல் ஸ்டுடியோ கோடின் கட்டளைப் பட்டியலில் விசைப்பலகைக் குறுக்குவிசைகளின் பிழை தேடும் கட்டளை உண்டு. அதை இயக்கினால் அழுத்திய ஒவ்வொரு விசையும் எவ்வாறு வந்தது, எந்தக் கட்டளையோடு பொருந்தியது என்பதை அது பதிவு செய்யும். எதுவும் பதிவாகாவிட்டால் விசை எடிட்டருக்கு வந்து சேரவே இல்லை. வந்தும் தவறாகப் பொருந்தினால் ‘கீபோர்டு டிஸ்பாட்ச்’ அமைப்பைப் பார்க்க வேண்டும். அதன் இரு தேர்வுகளில் ‘கோட்’ என்பது இடத்தையும், ‘கீகோட்’ என்பது இயங்குதளம் தரும் விசைக்குறியையும் அடிப்படையாகக் கொள்வது. அரை நூற்றாண்டுக் கேள்வி அங்கே பயனரின் தெரிவாக நிற்கிறது.

விம் எடிட்டரில் இது இன்னும் கூர்மையானது. அங்கே கட்டளைகளே எழுத்துகள். வரியை நீக்கும் ‘டிடி’ தமிழ்99இல் ‘உஉ’ ஆகிவிடும். ‘லாங்மேப்’ அமைப்பில் தமிழ் எழுத்துக்கு ஈடான இலத்தீன் எழுத்தைக் குறித்துவைக்கலாம். அல்லது ‘கீமேப்’ வழியாக எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரச் செய்யலாம்.

இவ்வழிகள் தெரியாதவர்கள் எளிதில் கைக்கொள்ளும் தீர்வு ஒன்று உண்டு: நிரலுக்குள் தமிழில் எழுதுவதையே விட்டுவிடுவது. கேரளத்தின் தமிழ்வழி மாணவருக்கு அது சிறிய இழப்பன்று. ஆங்கில அமைப்பு ஒன்றைப் பட்டியலில் சேர்த்தாலே பல வேளைகளில் தீர்ந்துவிடும் இடர், தமிழுக்கு நிரலுலகில் இடமில்லை என்ற முடிவாக அவர் மனத்தில் தங்கிவிடக்கூடும்.