பிராட்காஸ்ட்: டிவிக்கு முன்னாடி வயலில் இருந்த வார்த்தை!

'லைவ் பிராட்காஸ்ட்' என்ற வார்த்தையை தினமும் கேட்கிறோம். ஆனா டிவி, ரேடியோ எதுவுமே இல்லாத காலத்திலேயே இந்த ஆங்கில வார்த்தை இருந்தது. அப்போ அதோட வேலையே வேற!

உண்மையான அர்த்தம் என்ன?

'பிராட்' என்றால் அகலம். 'காஸ்ட்' என்றால் வீசுவது. விதையை கையில் அள்ளி வயல் முழுக்க வீசி விதைப்பதைத்தான் 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படிச் சொன்னார்கள். வரிசை பிடித்து விதைப்பதற்கு நேர் எதிரான முறை இது. வேளாண் படிப்பில் தூவி விதைப்பதற்கு இன்னைக்கும் இதே பெயர்தான்.

ரேடியோவுக்கு எப்படி வந்தது?

ஆரம்பத்தில் வயர்லெஸ், பெரும்பாலும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே தகவல் அனுப்பத்தான் பயன்பட்டது. 1920 நவம்பர் 2-ம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கேடிகேஏ நிலையம், அதிபர் தேர்தல் முடிவுகளை ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தது. யார் கேட்கிறார்கள் என்று சொல்பவருக்கே தெரியாது. விதை வீசுபவருக்கும் எது எங்கே விழும் என்று தெரியாதே! 1922-ல் தொடங்கிய பிபிசியின் பெயரிலேயே இந்த வார்த்தை இடம்பிடித்தது.

வீசிய விதையைத் திரும்பப் பொறுக்க முடியாது. செய்தியும் அப்படித்தான். தப்பான தகவலுக்கு பிறகு திருத்தம் சொன்னாலும், முதலில் கேட்ட எல்லோரையும் அது எட்டும் என்று உறுதி இல்லை.

தமிழில் என்ன?

ரேடியோ என்றால் ஒலிபரப்பு, டிவி என்றால் ஒளிபரப்பு. இரண்டிலும் 'பரப்பு' இருப்பதை கவனிங்க.

'பிராட்காஸ்டட்' சரியா?

அகராதிகளில் உண்டு. ஆனா 'காஸ்ட்' போலவே இறந்த காலத்திலும் 'பிராட்காஸ்ட்' என்று எழுதுவதே அதிக வழக்கம். தேர்வு எழுதுபவர்கள் இதையே எழுதுவது நல்லது.

பாட்காஸ்ட் இதோட சொந்தமா?

ஆமாம். ஐபாடில் இருந்து 'பாட்', பிராட்காஸ்டில் இருந்து 'காஸ்ட்'. 2004-ல் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்?

இது மட்டும் அளந்து போடுற விதை! உங்க நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும். பொங்கல் வாழ்த்துக்கு பதில் வரலையா? அவங்க போன்ல உங்க நம்பர் இருக்கான்னு முதல்ல கேளுங்க.