ஊர் இசைந்த காதல்: மேய்ச்சல் நிலக் காதல் தொடர்களும் தமிழ்ப் புனைவும்

முன்னுரை

ஆங்கிலக் காதல் நாவல்களில் மாட்டுப் பண்ணையும் சிற்றூரும் சேர்ந்த தொடர்களுக்கு நிலையான வாசகர் கூட்டம் உண்டு. டயானா பாமர் 1988-இல் தொடங்கிய ‘லாங், டால் டெக்ஸன்ஸ்’ வரிசைக்கு ஜேக்கப்ஸ்வில் என்னும் கற்பனை ஊர் களம். எல்சி சில்வர் 2022-இல் தொடங்கிய வரிசை கனடாவின் செஸ்ட்நட் ஸ்பிரிங்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. ஒரு நாவலில் ஓர் இணை சேரும். சேர்ந்தவர்கள் அடுத்த நாவலில் அண்டை வீட்டாராக வந்துபோவார்கள். இவற்றின் ஈர்ப்பைக் கௌபாயின் ஆண்மையில் காண்பதே பொதுவழக்கு. வாசகர் நாடி வருவது காதலுக்கு இசைந்து நிற்கும் ஊரையே என்பது இக்கட்டுரையின் வாதம். இத்தகைய தொடர் தமிழில் வேர்விடாததற்கும் ஊரே காரணம். தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூரின் மலையடிவாரமும் அதற்குக் கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி வரை விரியும் கரிசலும் இவ்வாதத்துக்குக் களமாகின்றன.

தொடரும் ஊரும்

ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நடுமேற்கு ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரைப் பற்றியது. வீட்டில் எல்லோரையும் பேணும் பெண்கள் தம்மைப் பேணும் ஒருவனைக் கதையில் கண்டனர் என்றார் அவர். இவ்விளக்கம் தனி நாவலுக்குப் பொருந்தும். தொடரிலோ நாயகன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறான். மாறாமல் நிற்பது ஊர். பமீலா ரீஜிஸ் 2003-இல் காதல் நாவலின் எட்டு உறுப்புகளை வகுத்தபோது, கதை நிகழும் சமூகத்தைக் காட்டுவதை முதலில் வைத்தார். தொடர் நாவல் இந்த முதல் உறுப்பையே பெரிதாக வளர்த்தெடுக்கிறது.

முல்லைக்கலியின் இசைவு

காதலுக்கு இசையும் ஊர் தமிழுக்குப் புதிதல்ல. சோழன் நல்லுருத்திரன் பாடியதாகக் கொள்ளப்படும், கலித்தொகையின் பகுதியான முல்லைக்கலியின் பதினேழு பாடல்களில் மாடும் காதலும் ஊரும் ஒரே இடத்தில் கூடுகின்றன. ஏறுதழுவும் களத்தைச் சுற்றிப் பரணில் பெண்கள் இருக்கிறார்கள். காளையை அடக்கியவன் யாரென்று ஊரே அறியும். கலித்தொகை 115-ஆம் பாடல் கூர்ந்து நோக்கத்தக்கது. புல்லினத்து ஆயர் மகன் சூடியிருந்த முல்லைக் கண்ணியைத் தலைவி கூந்தலுக்குள் ஒளித்து முடிந்திருக்கிறாள். வெண்ணெய் தடவ முடியை விரித்தபோது பூ தாயின் முன் விழுகிறது. தாய் கேள்வி கேட்கவில்லை, கோபிக்கவும் இல்லை. நெருப்பைத் தொட்டவளாய் விலகிப் போகிறாள். அஞ்சிய தலைவியிடம் தோழி சொல்லும் செய்தி வேறு: சுற்றத்தார் அவனுக்கே அவளைக் கொடுக்க முடிவுசெய்து, மணல் பரப்பித் திரையும் கட்டி மணத்துக்கு ஆயத்தமாகிறார்கள். அகப்பாடல்களில் அலர் தூற்றி அச்சுறுத்தும் ஊர் இங்கே மணப்பந்தலாகிறது. இனத்துக்குள் உயர்வு தாழ்வு இல்லாமலும் இல்லை. 113-ஆம் பாடலில், ஆடு மேய்ப்பவன் மகனிடம் தன் சுற்றத்தார் பசு மேய்க்கும் நல்லினத்தார் என்று தலைவி எடுத்துச் சொல்கிறாள். ஆனாலும் இப்பூசல் ஆயர் குடிக்குள்ளேயே நிற்பது. ஊர் இசைய அந்த எல்லை போதுமாக இருந்தது.

‘கிடை’யின் மறுப்பு

எல்லையைத் தாண்டும் காதலுக்கு என்ன நேரும் என்பதைக் கி. ராஜநாராயணனின் (1923–2021) ‘கிடை’ குறுநாவல் காட்டுகிறது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலின் கரிசல் அவர் எழுத்துக்கு ஊற்று. அறுவடை முடிந்த நிலத்தில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்துவைக்கும் கிடை, இத்தென்தமிழ் நிலத்தில் வழங்கும் வாழ்முறை. மேல்சாதி எல்லப்பனும் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் செவனியும் தம்மை மறந்திருந்த வேளையில் ஆடுகள் புகுந்து வெள்ளாமையை அழிக்கின்றன. ஊர் கூடி விசாரிக்கிறது. உண்மை தெரிந்தும் மூடி மறைக்கிறது. எல்லப்பனுக்கு வேறிடத்தில் கல்யாணம். செவனிக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லிப் பேயோட்டுகிறார்கள். முல்லைக்கலியில் கூடிய அதே மூன்றும், மாட்டின் இடத்தில் ஆடாக, இங்கேயும் உண்டு. ஊர் மட்டும் கையை விரித்துவிடுகிறது. அம்ஷன் குமார் இக்கதையை ‘ஒருத்தி’ என்ற படமாக்கினார்.

பிரிந்துபோன மூன்று

இதன் பிறகு தமிழ் வெகுசன வாசிப்பு மேய்ச்சல் நிலம், காதல், ஊர் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெறவில்லை. சிவகாசியில் 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸ், கௌபாய் கதைகளின் டெக்ஸ் வில்லரைத் தென்மாவட்டச் சிறுவர்களின் நாயகனாக்கியது. டெக்ஸின் நவஹோ மனைவி லிலித் இறந்துபோனவள்; அவன் கதைகளில் துப்பாக்கி உண்டு, காதல் அரிது. ரமணிசந்திரனின் நாவல்களில் காதல் நிறைந்திருக்கிறது, மனமொத்த முடிவும் உறுதி. ஆனால் அது பெரும்பாலும் வசதியான வீடுகளுக்குள் நடக்கிறது, சாதி பேசப்படுவதில்லை. தெருக்களாகப் பிரிந்த ஊரைக் காட்டிவிட்டுச் சாதியைக் காட்டாதிருக்க எந்த எழுத்தாளராலும் முடியாது. அதனால் அங்கே ஊரே கதையை விட்டு விலகிக்கொண்டது.

அமெரிக்கத் தொடரும் மறதியின் மேல்தான் நிற்கிறது. மாடு மேய்க்கும் தொழிலை ஸ்பானிய, மெக்சிக வக்கேரோக்களே வடக்கே கற்றுக்கொடுத்தனர். கௌபாய்களில் நாலில் ஒருவர் கருப்பினத்தவர் என்பது வரலாற்றாளர் மதிப்பீடு. மேய்ச்சல் நிலம் தொல்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. கற்பனை ஊர்களில் இவர்களுக்கு நெடுங்காலம் இடமில்லை. அங்கே மறைக்க முடிந்ததை, தனித்தொகுதியான வாசுதேவநல்லூர் போன்ற ஊரில் வாழும் தமிழ் வாசகரிடம் மறைக்க முடியாது.

முடிவுரை

ஊர் தன் காதலை வாழ்த்த வேண்டும் என்ற ஆசை மலிவானதல்ல. கலப்பு மணத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தின்கீழ் அரசு உதவித்தொகை தருகிறது. தெரு இன்னும் இசையவில்லை. அந்த இடைவெளியில்தான் இவ்வகைத் தொடருக்கான தமிழ்க் களம் இருக்கிறது. அதை எழுத வருபவர் செவனியின் கதையைத் தாண்டிச் செல்ல வேண்டும், தவிர்த்துச் செல்லக் கூடாது. ஊர் எப்படி மனம் மாறிற்று என்பதைப் புத்தகம் புத்தகமாக, வீடு வீடாகச் சொல்லத் தொடர் வடிவமே ஏற்றது. ஒரே நாவலில் ஓர் ஊர் திருந்தினால் யாரும் நம்பமாட்டார்கள். பத்து நாவல்களில் திருந்தினால் நம்புவார்கள்.