ஈதர் பிரித்த யுரேனியம்

1841ஆம் ஆண்டு. பாரிஸ் நகர வேதியியலார் யூஜீன் பெலிகோவுக்கு ஒரு கணக்கு இடித்தது. பச்சை நிறமுள்ள யுரேனியம் குளோரைடை அவர் பகுத்து நிறுத்துப் பார்த்தார். 100 பங்கு குளோரைடிலிருந்து கிடைத்த ‘யுரேனியத்தையும்’ குளோரினையும் கூட்டினால் ஏறக்குறைய 110 பங்கு வந்தது! பகுதிகள் சேர்ந்து முழுமையை மிஞ்சலாமா?

தராசில் பிழை இல்லை, பெயரில்தான் பிழை. 1789இல் ஜெர்மானியரான கிளாப்ராத், பிட்ச்பிளெண்டு என்னும் கரிய தாதுவை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, காரம் சேர்த்து மஞ்சள் வீழ்படிவைப் பெற்றார். அதைக் கரியுடன் சூடாக்கியபோது கிடைத்த கருந்தூளைப் புதிய உலோகம் என்று கருதி, 1781இல் கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரை இட்டார். உண்மையில் அது ஆக்சைடு. குளோரைடு நீருடன் வினைபுரிந்தபோது, நீரின் ஆக்சிஜனே சேர்ந்து எடையைக் கூட்டியிருந்தது. பெலிகோ குளோரைடைப் பொட்டாசியத்துடன் சூடாக்கி உண்மையான உலோகத்தைப் பிரித்தார். 52 ஆண்டுகள் ஓர் ஆக்சைடு தனிமமாக உலவியிருக்கிறது!

யுரேனைல் நைட்ரேட் ஈதரில் கரையும் என்பதும் பெலிகோ கண்டதே. கண்ணாடிக்கு மஞ்சள் நிறமூட்டவே யுரேனியம் பயன்பட்ட அக்காலத்தில் இதற்குப் பெரிய மதிப்பில்லை.

நூறாண்டுகளுக்குப் பின் மதிப்பு வந்தது. 1942இல் சிகாகோவில் தொடர்வினையை நிகழ்த்த முயன்ற இயற்பியலாருக்கு மிகத் தூய யுரேனியம் தேவைப்பட்டது. போரான், காட்மியம் போன்றவை பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலும் நியூட்ரான்களை விழுங்கிவிடும். ஏப்ரலில் ஆர்தர் காம்ப்டன், செயின்ட் லூயிஸ் நகரின் மாலின்க்ராட் நிறுவனத்தை நாடினார். மயக்க மருந்துக்கான ஈதரைத் தயாரித்துப் பழகிய நிறுவனம் அது.

முறை எளிது. கல்லூரி ஆய்வகத்தில் பிரிபுனலைக் குலுக்கிய மாணவர்களுக்குப் புரியும். யுரேனைல் நைட்ரேட் மேலே மிதக்கும் ஈதருக்குச் செல்லும். மாசுகள் கீழே நீரில் தங்கும். ஈதர் அடுக்கைப் பிரித்துத் தூய நீருடன் கலக்கினால் யுரேனியம் நீருக்குத் திரும்பும். ஆனால் டன் கணக்கில் ஈதரைக் கையாள்வது விளையாட்டன்று. அதன் கொதிநிலை ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ்; நம் கோடைக்காலத்தில் அது தானாகவே கொதித்துவிடும்! காற்றைவிடக் கனமான அதன் ஆவி தரையோடு ஊர்ந்து செல்லும்; ஒரு பொறி போதும். இத்தனைக்கும் நடுவே, சில மாதங்களில் நாளொன்றுக்கு ஒரு டன் ஆக்சைடு கிடைத்தது.

1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் உலை இயங்கியது. அதில் சுமார் 45 டன் ஆக்சைடும் 5 டன்னுக்குச் சற்று அதிகமான உலோகமும் இருந்தன. அதன் பெருக்கெண் 1.0006. ஒன்றுக்கு மேலே எவ்வளவு சிறிய இடைவெளி பாருங்கள்! மாசு சற்றே கூடியிருந்தால் உலை அணைந்தே கிடந்திருக்கும்.

போருக்குப் பின் ஈதரின் இடத்தை, மண்ணெண்ணெய் போன்ற நீர்மத்தில் கலந்த டிரைபியூட்டைல் பாஸ்பேட் பிடித்தது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் வழங்கும் ஐதராபாத் அணு எரிபொருள் வளாகத்திலும் இதுவே கரைப்பான்.

யுரேனியம் பிரிந்த பிறகு எஞ்சிய கழிவில் ரேடியமும் தோரியமும் தங்கின. 1946 முதல் அக்கழிவு செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தருகே திறந்தவெளியில் குவிக்கப்பட்டது. மழைநீர் அதை அருகிலுள்ள கோல்ட்வாட்டர் ஓடைக்குக் கொண்டுசென்றது. அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் 1998 முதல் அங்கே மண்ணைத் தோண்டி அகற்றி வருகிறார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை.