கீபோர்டு பணிநிலைய இசைப்பதிவு

கீபோர்டு பணிநிலையம் என்பது ஒலியாக்கி, தாள ஒலிகள், சீக்குவென்சர் எனப்படும் இசை வரிசைப்படுத்தி ஆகியவற்றை ஒருங்கே கொண்ட மின்னணு இசைக்கருவி ஆகும். 1988 இல் கோர்க் நிறுவனம் வெளியிட்ட எம்1 இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது. அதன் சீக்குவென்சரில் 8 தடங்கள் இருந்தன.

பதிவு முறை

சீக்குவென்சர் ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் தகவல்களையே பதிகின்றது. எனவே வாசித்து முடித்த பின்னரும் சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டலாம். வயலின் ஒலியில் வாசித்ததைப் புல்லாங்குழல் ஒலிக்கு மாற்றலாம். தாளம், பேஸ், மெட்டு என ஒவ்வொரு தடமாகப் பதிந்து, ஒருவரே முழுப் பாடலையும் உருவாக்க இயலும்.

தமிழ்த் திரையிசையில்

அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986 இல் வெளியான புன்னகை மன்னன் திரைப்படத்தின் இசையில் சீக்குவென்சரைப் பயன்படுத்தினார். இது எம்1 வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தையதாகும்.

வரம்புகள்

'குவாண்டைசு' எனும் வசதி, சற்றே முந்தியோ பிந்தியோ விழும் அடிகளைச் சம இடைவெளிகளுக்கு நகர்த்தும். மதுரை வட்டாரத் திருவிழாக்களில் ஒலிக்கும் நையாண்டி மேளத்தின் தவில் நடையைக் கீபோர்டில் வாசித்து இவ்வசதியை முழுமையாகப் பயன்படுத்தினால், அதன் நுண்ணிய அசைவுகள் மறைந்துவிடும். கமகங்களைச் சுருதி வளைக்கும் சக்கரத்தின் மூலம் வாசிப்பர். வழக்கமான மிடி முறையில் இச்சக்கரம் ஒரு வாய்க்காலின் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைக்கும். ஆகையால் கமகம் வேண்டும் மெட்டு, தனித் தடத்தில் தனி வாய்க்காலில் பதியப்படுகின்றது.